தங்கப்பூவின் வயிற்றில் உறங்கியவர்கள்

சுனைவிளைப் பன்றி ஆராய்ச்சி நிலையத்தில், தங்கப்பூ என்று பேர் வைத்திருந்த வெள்ளைப் பன்றியின் கருப்பைக்குள், கண்ணாடித் தட்டில் உருவாக்கிய கருக்களை நீண்ட மெல்லிய குழாய் ஒன்றின் வழியே செலுத்தி முடித்து டாக்டர் அமலோற்பவம் கையுறையைக் கழற்றிய மதியத்தில், ஊரில் பாதிப் பேர் இருந்த இடத்திலேயே தூங்கிப்போனார்கள். தூங்கிய அத்தனை பேரும் ஒரே கனவைக் கண்டார்கள்.

சிமெண்டுக் கடை ஞானதாஸ் பில் போட்டுக்கொண்டிருந்தவர், அப்படியே மூட்டைகளின் மேல் சாய்ந்து தூங்கினார். மீன் விற்கும் வியாகுலம் சந்தியில் கூடையை இறக்கி, சும்மாட்டுத் துணியைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கினாள். கிருஷ்ணன் கோயிலில் பூசை செய்யும் போற்றியின் மனைவி கௌரி துளசிமாலையைக் கட்டி முடிக்காமல் நாரைப் பிடித்த கையோடு தூங்கினாள். தையல்கடையில் கால் நின்ற பிறகும் மிஷின் சக்கரம் கொஞ்ச நேரம் சுற்றியது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் கரும்பலகையில் நெற்றியை வைத்து நின்றவாக்கிலேயே தூங்கியதால், பிள்ளைகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போய்விட்டார்கள்.

கனவில் கை இல்லை, கால் இல்லை, வீடு இல்லை, பேர் இல்லை. இளஞ்சூடான வெள்ளம் ஒன்று இருந்தது, அந்த வெள்ளம் ஒரு நீண்ட மெத்தென்ற வழியில் எல்லோரையும் உருட்டிக்கொண்டு போனது. வழியின் சுவர்கள் மூச்சு விடுவதுபோல் சுருங்கி விரிந்தன, எங்கோ மேலே யாரோ பெரிய முரசை அவசரமில்லாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள். உருண்டு போனவர்களுக்கு முன்னாலும் பின்னாலும் வேறு ஆட்கள் உருண்டார்கள், அவர்கள் யார் என்று கண்ணில்லாமலே தெரிந்தது, இருட்டில் சொந்த வீட்டுக்காரர்களை அவர்கள் மூச்சை வைத்தே அடையாளம் தெரிந்துகொள்வதுபோல.

சாயங்காலம் டீக்கடையில் தையல்காரர் தயங்கித் தயங்கி ஞானதாசிடம் கேட்டார்.

"அண்ணாச்சி, எனக்கு முன்னால உருண்டு போனது நீங்கதானா?"

"நாந்தான். நீ ஏம்டே அந்த இடி இடிச்ச?"

"நான் இடிக்கல்ல. வெள்ளம்லா தள்ளிச்சு."

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், தான் அவர்கள் இருவருக்கும் ரொம்பப் பின்னால் வந்ததாகச் சொன்னார். அவ்வளவுதான். இப்படி எப்படி நடக்கும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. எங்கே நடந்தது என்பதுதான் பேச்சாக இருந்தது. கடல் என்றார்கள், பேச்சிப்பாறை அணை என்றார்கள். கடைசியில் ஞானதாஸ்தான் மெல்லிய குரலில் கனவில் அடித்த வாசத்தைப் பற்றிச் சொன்னார். ஆராய்ச்சி நிலையத்து நாற்றத்தால் குடியிருக்க முடியவில்லை, அதை ஊரைவிட்டே எடுக்க வேண்டும் என்று கலெக்டர் ஆபீசுக்கு ஊர்க்காரர்களிடம் கையெழுத்து வாங்கி மனு கொடுத்தவர் அவர். அந்த வாசம் அவருக்குத் தெரியாதா?

"அதே வாசம்தான். ஆனா உள்ள இருந்து மோந்தா அது நாத்தமா தெரியல்ல, கேட்டியா," என்றார். "நம்ம வீட்டு வாசம் நமக்குத் தெரியாதுல்லா, அது மாதிரி."

மறுநாள் காலையில் ஏழெட்டுப் பேர் நிலையத்து வாசலில் நின்றார்கள்.

அமலோற்பவத்துக்கு ஊர் மதுரைப் பக்கம். கணவர் அங்கே பேங்கில் வேலை பார்த்தார், அவள் மாதத்தில் ஒரு சனி ஞாயிறு போய்வருவாள். ஆறு வருடமாக அவள் செய்துகொண்டிருந்த வேலையை ஊருக்குள் ஒருத்தருக்கும் விளங்கும்படி சொல்ல அவளால் முடிந்ததில்லை. பங்குச்சாமியார் மட்டும் ஒருமுறை, அமலோற்பவம் என்றால் மாசில்லாமல் கருவானது, பேருக்கேத்த உத்தியோகம்தான் என்று சிரித்துவிட்டுப் போனார். வேலை இதுதான்: வெட்டும் இடத்திலிருந்து பன்றிகளின் சூலகங்களைச் சூடு குறையாமல் ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்து, அதிலிருந்து முட்டைகளை எடுத்து, இன்குபேட்டரில் பழுக்கவைத்து, விந்தோடு சேர்த்துக் கருவாக்குவது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் இது நடக்கிற மாதிரி பன்றிக்கு நடப்பதில்லை. ஒரு விந்து உள்ளே வந்ததும் முட்டை தன் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். தட்டில் வைத்த பன்றி முட்டைக்கு மட்டும் அந்தக் கதவு சாத்த மறந்துபோகும். ஒன்று நுழையும், பின்னாலேயே நாலும் ஐந்தும் முண்டியடித்து நுழையும், அதோடு அந்த முட்டை பாழ். கல்யாண வீட்டு வாசலை அடைக்க ஆளில்லாமல் போனதுபோல் இருக்கும், மைக்ரோஸ்கோப்பில் பார்க்க.

அவள் விந்தைக் குறைத்தாள், சேர்த்து வைக்கும் நேரத்தைக் குறைத்தாள். பன்றியின் கருக்குழாயில் ஊறும் நீரைச் சேகரித்து, விந்து சேர்ப்பதற்கு முன்னால் முட்டைகளைக் கொஞ்ச நேரம் அதில் நனைய வைத்தாள். தாயின் அந்த நீர் பட்டதும் முட்டையின் தோல் இறுகியது, கதவு நேரத்துக்குச் சாத்தியது. நல்ல கருக்கள் கிடைத்தன. ஆனால் அவற்றைத் தாய்ப்பன்றியின் வயிற்றில் விட்டால் ஒவ்வொரு முறையும் கொஞ்ச நாளில் எல்லாம் கரைந்துபோயின. ஆறு முறை அப்படிப் போயிற்று. இது ஏழாவது. இதுவும் போனால் நிலையத்தின் கருப் பிரிவை மூடிவிடுவதாக மேலே முடிவாகியிருந்தது.

வந்தவர்கள் சொன்னதைக் கேட்டதும் அவள் செய்த முதல் காரியம், அவர்களை உட்காரவைத்து அந்த வழி எவ்வளவு நீளம் இருந்தது என்று கேட்டதுதான்.

"முடியவே இல்ல டாக்டரம்மா," என்றாள் வியாகுலம். "போவப் போவ வந்துட்டே இருக்கு."

"ரெண்டு கிளையாப் பிரிஞ்சுதா?"

"பிரிஞ்சுது. நான் இடதுல போனேன். இந்தப் போற்றியம்மா வலதுல போனாவ. பொறவு எப்படியோ சுத்தி எங்கிட்டயே வந்துட்டாவ."

கௌரி எல்லோருக்கும் பின்னால் தூண் ஓரமாக நின்றாள். வெங்காயம்கூடச் சமைக்காத வீடு. பன்றியின் வயிற்றுக்குள் போய்வந்ததை அவள் கணவரிடம் எப்படிச் சொன்னாளோ, என்னமோ. "எனக்கு வராகமூர்த்தி ஞாபகம்தான் வந்தது," என்று மெதுவாகச் சொன்னாள். "பூமியையே கொம்புல தூக்கின பிறவி இல்லையா. பயமா இல்லை."

எந்தக் கருவியும் இதுவரை காட்டாத ஒன்றை மீன்காரியும் போற்றியின் மனைவியும் உள்ளே இருந்து பார்த்துவிட்டு வந்து சொல்கிறார்கள். அமலோற்பவம் அவர்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தாள். அவள் மனதில் வந்தது ஆச்சரியம் இல்லை, பொறாமை. அன்று மதியம் அவளும் லேப்பில் இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப்போட்டுப் படுத்துப் பார்த்தாள். மின்விசிறியின் சத்தம் கேட்டது. வேறொன்றும் வரவில்லை. அவள் விரலால் உருவான கருக்களில் ஒன்றுகூட அவளைத் தனக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை.

ஊர் சீக்கிரமே பழகிக்கொண்டது. மதியச் சாப்பாடு ஆனதும் கடைக்காரர்கள் பாதிக் கதவைச் சாத்தினார்கள். ஏணியில் ஏறும் வேலையையும் அரிவாள் பிடிக்கும் வேலையையும் காலையிலேயே முடித்தார்கள். தூங்குகிறவர்களின் மேல் ஈ உட்காராமல் தூங்காதவர்கள் பார்த்துக்கொண்டார்கள். வழியில் விழுந்து கிடப்பவரை நிழலுக்கு இழுத்துப்போடுவது யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் வழக்கமாகிவிட்டது.

பிறகு ஒவ்வொருத்தராகக் கனவு நின்றது.

முதலில் கணக்கு வாத்தியாருக்கு. மதியம் கண்ணை மூடினார், வெறும் தூக்கம் வந்தது, எழுந்ததும் காரணமில்லாமல் அழுதார். அடுத்து தையல்காரர், பிறகு டீக்கடைக்காரர். திருவனந்தபுரம் போகும் வண்டியில் கண்டக்டராக இருந்த ஒருவருக்கு, கேரள எல்லையில் களியக்காவிளைச் சோதனைச் சாவடியைத் தாண்டிய அந்த இடத்திலேயே ஏதோ நூல் அறுந்ததுபோல் நெஞ்சுக்குள் விட்டுப்போனது, திரும்பி ஊருக்குள் வந்த பிறகும் கூடவில்லை. அந்தத் துக்கத்துக்கு ஊரில் பேர் கிடையாது. பேர் இல்லாவிட்டாலும் வந்த துக்கத்தை விசாரிக்காமல் இருக்க முடியாதே. கனவு நின்றவர் வீட்டுக்குப் பெண்கள் கருப்பட்டிக் காப்பி போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். ஆண்கள் போய் முற்றத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டு, "அப்போ வரட்டா" என்று எழுந்து வந்தார்கள். கணக்கு வாத்தியார் மட்டும் பல நாள் வகுப்பில் பெருக்கலைத் தவறாகப் போட்டார், பிள்ளைகள் திருத்தவில்லை.

நிலையத்தில் பன்றிகளைப் பார்த்துக்கொண்ட சுயம்பு ஒவ்வொரு நாளும் ஊரைச் சுற்றிவந்து டாக்டரிடம் சொன்னார், இன்றைக்கு இத்தனை பேருக்குக் கனவு நின்றது என்று. அத்தனை கருக்கள் கரைந்துவிட்டன என்று அவள் குறித்துக்கொண்டாள். தங்கப்பூ வைக்கோலில் ஒருக்களித்துப் படுத்து, காதை முகத்தின் மேல் போட்டுக்கொண்டு, தன்னுள் ஊர் குறைந்துவருவது தெரியாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

நாலு பேர் மிஞ்சினார்கள். ஞானதாஸ், வியாகுலம், கௌரி. நாலாவது ஆள் ஷெர்லின், நர்சிங் முடித்த பெண். அவளுக்கு விசா வந்திருந்தது, வியாழக்கிழமை திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி குவைத்துக்குப் போக வேண்டும்.

கனவு இப்போது மாறியிருந்தது. வெள்ளம் நின்று, நாலு பேரும் அந்த நீண்ட வழியில் இடம் பிடித்திருந்தார்கள். யாரும் யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் ஒருத்தருக்கு நெருக்கமாக இருந்தால் மற்றவர் தானாக நகர்ந்து, நாலு பேருக்கும் நடுவில் ஒரே அளவு இடைவெளி வரும்வரை நகர்ந்து நகர்ந்து நின்றிருந்தார்கள். வேலிப் பிரச்சனையில் மூன்று பக்கத்து வீட்டுக்காரர்களோடும் பேச்சில்லாத ஞானதாஸ், தான் அப்படி நகர்ந்து கொடுத்ததைச் சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குப் பக்கத்தில் ஷெர்லின். ஷெர்லினுக்கு அந்தப் பக்கம் கௌரி. கடைசியில் வியாகுலம்.

அமலோற்பவத்திடம் சுயம்பு இதைச் சொன்ன அன்று அவள் சாப்பிடவில்லை. அவளுக்குத் தெரிந்த ஒன்று ஊருக்குத் தெரியாது. பன்றிக்கு இந்த வாரத்தில் உள்ளே நாலு உயிராவது இருக்க வேண்டும். நாலுக்குக் கீழே போனால், உள்ளே யாரோ வந்திருப்பதே தாய்க்குத் தெரியாது. வயிறு வெறும் வயிறுதான் என்று நினைத்து, இருப்பவர்களையும் கரைத்துவிடும்.

ஏன் சாப்பிடவில்லை என்று கேட்ட சுயம்புவிடம் மட்டும் அதைச் சொன்னாள். ஊரில் விஷயம் தெரிய ஒரு பொழுது போதும். புதன்கிழமை காலையில் ஞானதாசும் வியாகுலமும் ஷெர்லின் வீட்டு முற்றத்தில் நின்றார்கள். அவள் அம்மா ஸ்டெல்லா இடுப்பில் கைவைத்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு பன்னிக்காவ எனக்க புள்ள குவைத்துக்குப் போவாம இருக்கணுமா? உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? எத்தனை பரீட்சை எழுதிச்சு தெரியுமா அவ?"

"பன்னிக்காவ இல்ல ஸ்டெல்லா," என்றார் ஞானதாஸ். "எங்களுக்காவ. ஒரு வாரம் தள்ளிப் போடச் சொல்லு."

"தள்ளிப்போட அது என்ன கட்ட வண்டியா? நாத்தம் நாத்தம்னு எங்கிட்ட கையெழுத்து வாங்கிட்டுப் போன ஆளுதானே நீரு?"

வியாகுலம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அன்று அவள் மீன் எடுக்கப் போகவில்லை. "ஏ மக்ளே," என்று வீட்டுக்குள் பார்த்துக் கூப்பிட்டாள். உள்ளே பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்த ஷெர்லின் வெளியே வரவில்லை.

சாயங்காலம் அவள் தனியாக நிலையத்துக்கு வந்தாள். அமலோற்பவம் தங்கப்பூவின் தொட்டியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தாள். ஷெர்லின் கம்பியைப் பிடித்து நின்று பன்றியைப் பார்த்தாள். உள்ளே இருந்த இடத்தை வெளியிலிருந்து பார்ப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

"இவ்வளவு சின்னதா?" என்றாள். பிறகு, "நான் போனா அது செத்துப்போவுமா டாக்டர்?"

"போயிடும்னுதான் நினைக்கிறேன்."

"மத்த மூணு பேரோடதும்?"

அமலோற்பவம் குழாயை மூடினாள். பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "மூணு பத்தாது, ஷெர்லின்."

"அப்போ இருன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா இருக்கேன். அம்மா கத்தும், கத்தட்டும்."

இரு என்ற சொல் அமலோற்பவத்தின் நாக்கு நுனிவரை வந்து நின்றது. ஆறு வருடம் அந்தச் சொல்லுக்குப் பின்னால் வரிசையில் நின்றது. அவள் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். ஷெர்லின் புதுச் செருப்பு போட்டிருந்தாள், அது காலுக்குப் பழகவேண்டும் என்று இரண்டு நாளாக வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்திருப்பாள் போல, குதிகாலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"போ," என்றாள் அமலோற்பவம். "ஸ்வெட்டர் ஒண்ணு கையிலயே வச்சுக்கோ. ஃபிளைட்ல குளிரும்."

ஷெர்லின் கம்பியை விட்டுத் திரும்பி நடந்தாள். வியாழக்கிழமை அவள் ஏறிய வேன் களியக்காவிளையைத் தாண்டியபோது அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு முன்னால் குனிந்ததாகவும், வண்டி நிறுத்தவா என்று டிரைவர் கேட்டதற்கு வேண்டாம் என்று தலையை ஆட்டியதாகவும் கூடப்போன அவள் மாமா வந்து சொன்னார்.

வேன் கிளம்பியதுமே அமலோற்பவம் லேப் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஊருக்குள் நடந்தாள். மூன்று பேரையும் கௌரியின் வீட்டு முற்றத்துக்கு வரச் சொன்னாள். போற்றி கதவோரம் நின்று பார்த்துவிட்டு, வந்தவர்களுக்கு மோர் கொண்டுவந்து வைத்தார்.

"இந்த ரெண்டு நாள்ல உள்ளே ஒண்ணு நடக்கணும்," என்றாள். "இதுவரைக்கும் உருண்டையா இருந்தது இப்போ நூலா நீளணும். சும்மா கொஞ்சம் இல்ல, நெல்லுமணி அளவுல இருந்தது கை நீளத்துக்கு. அப்படி நீண்டு தாயைத் தொட்டாத்தான் அவளுக்குத் தெரியும், உள்ள ஆள் இருக்குன்னு. நாலு பேர் தொட வேண்டிய இடம் அது. இப்போ மூணு பேர்தான்."

"ஷெர்லின் இருந்த இடம் எனக்குத் தெரியும்," என்றாள் கௌரி. "என் வலப்பக்கம்."

"எனக்கு இடப்பக்கம்," என்றார் ஞானதாஸ்.

"அந்த இடத்தையும் சேர்த்து நீங்க தொடணும். முடியுமான்னு எனக்குத் தெரியாது. எந்தப் புத்தகத்திலயும் இல்ல. கேக்க எனக்கு வேற ஆளும் இல்ல, அதான் உங்ககிட்ட கேக்கறேன்."

வியாகுலம் மோர்த் தம்ளரைக் கீழே வைத்தாள். "நீட்டணும், அம்புட்டுத்தானே? மழைக்காலத்துல ஒத்தைப் பாயில ஏழு பேரைப் போட்டுப் போர்த்தினவ நான். நீட்டிப் பாப்போம்."

மதியம் தங்கப்பூவின் கொட்டிலை ஒட்டிய தீவன அறையில் பாய் விரித்து மூன்று பேரும் படுத்தார்கள். சுயம்பு மற்றப் பன்றிகளுக்கெல்லாம் முன்கூட்டியே தீவனம் வைத்து அடக்கியிருந்தார். பங்குச்சாமியார் பன்னிரண்டு மணி ஜெபத்துக்கு மணி அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கோயில் மணியின் நாக்கில் போற்றி துண்டைச் சுற்றிவைத்தார். கனவு நின்றுபோன எல்லோரும், தையல்காரரும் டீக்கடைக்காரரும் கணக்கு வாத்தியாரும், நிலையத்து மதிலுக்கு வெளியே வந்து நிழலில் உட்கார்ந்தார்கள். யாரும் இருமக்கூட இல்லை. ரப்பர்த் தோட்டத்தில் விதை வெடிக்கும் சத்தம் மட்டும் எப்போதாவது கேட்டது.

உள்ளே அவர்கள் நீண்டார்கள். சிமெண்டு மூட்டையைப்போல் இருக்கும் ஞானதாஸ் சோற்றுப்பருக்கையாக மெலிந்து, பருக்கை நூலாகி, நூல் தலைமுடியாகி, இனி ஒரு மயிரிழை நீண்டாலும் அறுந்துவிடுவோம் என்று தெரிந்தும் நீண்டார். அந்தப் பக்கமிருந்து கௌரி, துளசி நாரைப்போல் தன்னைத் தானே உரித்து உரித்து நீண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் வியாகுலம், கௌரி நகர்ந்த இடத்தை நிரப்பிக்கொண்டு, ஒரு பக்கமாக மட்டும் இல்லாமல் இரண்டு பக்கமும் நீண்டாள். ஷெர்லின் இருந்த இடம் குளிர்ந்து கிடந்தது. அந்தக் குளிரின் இரண்டு கரையிலிருந்தும் புறப்பட்ட இரண்டு இழைகள் நடுவில் வந்து ஒன்றையொன்று தொடாமல் தொடுகிற தூரத்தில் நின்றபோது, இத்தனை நாள் அவசரமில்லாமல் அடித்துக்கொண்டிருந்த அந்தப் பெரிய முரசு ஒரே ஒரு அடி தவறியது. ஒரு நிமிடம் எல்லாமே யோசித்தது. பிறகு சுவர்கள் நாலு பக்கமும் மெதுவாக நெருங்கி வந்து அவர்களை, யாரென்று தெரிந்தவர்களைப்போல், பிடித்துக்கொண்டன.

அமலோற்பவம் அவர்கள் தலைமாட்டில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஞானதாசின் கைவிரல்கள் பாயைத் தாண்டி வெறும் தரைக்கு நீண்டு, விறைத்து, பிறகு தளர்வதைப் பார்த்தாள். பக்கத்துக் கொட்டிலில் தங்கப்பூ ஒரு நீண்ட உறுமலை விட்டது. அது வலி உறுமல் இல்லை, பசி உறுமலும் இல்லை. சுயம்பு டாக்டரைப் பார்த்தார். அவள் வாயில் விரலை வைத்தாள்.

அடுத்த வாரங்களில் தங்கப்பூ மறுபடியும் சினைப்பருவத்துக்கு வரவில்லை, கரு தங்கியதற்கு அதுதான் முதல் அடையாளம். ஸ்கேன் எடுத்தபோது திரையின் சாம்பல் மழைக்குள் மூன்று புள்ளிகள் துடித்தன.

அதன் பிறகு அந்த மூன்று பேரின் மதியமும் நீண்ட சுகமான மதியமாயிற்று. அவர்கள் நனைந்தால் ஊர் திட்டியது, மோட்டார்சைக்கிளில் வேகமாகப் போனால் ஞானதாசை நிறுத்தி ஏசினார்கள். பெண்கள் கூடி எலுமிச்சைச் சாதமும் தேங்காய்ச் சாதமும் கிண்டி ஒரு சொம்பு பாயசத்தோடு தங்கப்பூவுக்குக் கொண்டுபோனார்கள். அமலோற்பவம் பாயசத்தை மட்டும் வேண்டாம் என்றாள், அதை ஸ்டெல்லா வாங்கி டாக்டரிடமே கொடுத்துக் குடிக்க வைத்தாள்.

ஒரு புரட்டாசி மதியம் குட்டிகள் பிறந்தன. தீவன அறையில் தூங்கிக்கொண்டிருந்த வியாகுலம்தான் முதலில், "ஐயோ, காத்து!" என்று கத்திக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள், பிறகு கௌரி, கொஞ்சம் சிரமப்பட்டு ஞானதாஸ். அடுத்த அறையில் இரண்டு பெண்குட்டிகளும் ஒரு கடுவனும் வைக்கோலில் நடுங்கி நின்றன. எது யாருடையது என்று மூன்று பேரும் கேட்டுக்கொள்ளவில்லை. கௌரி ஒரு குட்டியின் முதுகை ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்க் குளித்தாள். மறுநாளும் வந்து தொட்டாள், மறுநாளும் குளித்தாள்.

கலெக்டர் ஆபீசில் கொடுத்த மனுவை ஞானதாஸ் திரும்ப வாங்கவில்லை. அமலோற்பவம் கேட்டபோது அவருக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. "நாத்தம் நாத்தம்தானே டாக்டரம்மா. வெளியே வந்துட்டோம்லா, இப்போ மறுபடியும் தெரியுது," என்றார். கையில் அவர் குட்டிகளுக்காக வாங்கிவந்த மரவள்ளிக்கிழங்கு இருந்தது.

குவைத்திலிருந்து ஷெர்லின் ஒருநாள் போன் செய்தாள். மூன்றும் பிழைத்ததா என்று கேட்டாள். ஆணா பெண்ணா என்று கேட்டாள். பிறகு அந்தப் பக்கம் ஏதோ மெஷின் விட்டுவிட்டு ஒலிப்பது கேட்டது.

"எனக்கு உங்கமேல கோவம் டாக்டர்," என்றாள். "போன்னு சொன்னீங்கல்லா. இருன்னு சொல்லியிருந்தாலும் கோவம்தான் வந்திருக்கும். ஆனா இது வேற கோவம்."

"தெரியும்மா."

"மத்தியானம் இங்க கண்ணை மூடினா ஒண்ணுமே வரல்ல. வெறும் தூக்கம். சரி, வார்டுல கூப்பிடுதாவ, வைக்கட்டா?"

அமலோற்பவம் போனை மேசையில் வைத்தாள். செய்தது சரிதான் என்று தெரிந்திருந்தும் ஆறாத ஒரு இடம் இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

கருப் பிரிவை மூடவில்லை. தை மாதத்தில் எட்டாவது முறைக்கு நாள் குறித்தார்கள், வேறொரு பன்றி, புதுக் கருக்கள். அவள் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை, சுயம்புதான் சொல்லியிருக்க வேண்டும். அந்த நாளில், மதியம் குழாயை வெளியே எடுத்து, கையுறையைக் கழற்றி, கை கழுவி, வாசலுக்கு வந்து பார்த்தபோது ஊரில் ஒரு ஆள் நடமாட்டம் இல்லை.

அவள் தெருவில் நடந்தாள். திறந்த கதவுகளுக்கு உள்ளே எல்லோரும் படுத்திருந்தார்கள். இந்தமுறை யாரும் இருந்த இடத்தில் விழவில்லை, பாய் விரித்து, தலையணை வைத்து, பிள்ளைகளைப் பக்கத்தில் போட்டு, வந்தால் வரட்டும் என்று தாங்களாகவே படுத்திருந்தார்கள். கணக்கு வாத்தியார் சட்டையை மடித்துத் தலைமாட்டில் வைத்துக் கண்ணை இறுக்க மூடியிருந்தார். ஸ்டெல்லாகூட, வாசலுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தாள். யாருக்குக் கனவு வந்தது, யார் இன்னும் வெறும் இருட்டில் காத்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. டீக்கடையில் பால் பொங்கிக்கொண்டிருந்தது, அவள் அடுப்பைத் தணித்தாள். ஒரு வீட்டில் பைப் ஒழுகியது, மூடினாள். வானம் இருட்டி நாலு தூறல் விழவும், கொடியில் கிடந்த துணிகளை ஒவ்வொரு முற்றமாக எடுத்து உள்ளே போட்டாள். இத்தனை நாள் தனக்கு ஏன் அந்தக் கனவு வரவில்லை என்று நினைத்துக்கொண்டே இருந்தவளுக்கு, கை நிறைய யாருடையதோ துணிகளோடு நிற்கும்போது, அந்த நினைப்பு எங்கேயோ போய்விட்டிருந்தது. யாராவது ஒருத்தர் விழித்திருக்க வேண்டுமே.

வளைவில் நாகர்கோவில் பஸ் வரும் சத்தம் கேட்டது. அவள் ஓடிப்போய் நடுரோட்டில் நின்று கையை உயர்த்தினாள். டிரைவர் பிரேக் போட்டு, தலையை வெளியே நீட்டி, என்ன ஏது என்பதுபோல் பார்த்தார்.

"கொஞ்சம் மெதுவாப் போங்கண்ணே," என்றாள். "எல்லாரும் இப்பத்தான் உள்ள எடம் புடிச்சிட்டிருக்காங்க."